லயக் காம்பராவில் ஒலிப்பதிவு

2022ஆம் ஆண்டு யூலை மாதம். எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடிக் கிடந்தன. வத்தேகமவிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்களும் குறைந்திருந்தன. க.பொ.த. உயர்தரத்துக்குக் கர்நாடக சங்கீதம் படிக்கும் மாணவியொருத்தி, தோட்டத்திலிருந்து நடந்தே எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள்.

"மிஸ், பாட்டைப் பதிஞ்சு அனுப்பச் சொல்லி டீச்சர் கேக்குறாங்க. நான் அனுப்புனா ஒண்ணும் தெளிவா இல்லையாம். மைக் ஒண்ணு வாங்கித் தருவீங்களா?"

நான் சமூகவியல் படித்தவள். ஒலிவாங்கியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். விலைகளைக் கேட்டதும் தலை சுற்றியது. அவ்வாண்டு தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் 360 ரூபாய் அளவுக்கு ஏறியிருந்தது. 'ரீப்பர்' என்ற ஒலிப்பதிவு மென்பொருளின் குறைந்த விலை உரிமமே 60 டொலர். 12,000 ரூபாய்க்குக் கிடைத்திருக்க வேண்டியது 21,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. எத்தனையோ போராட்டத்துக்குப் பின் 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. ஆகவே ஒரு மென்பொருளுக்கு மட்டும் இருபத்தொரு நாள் கொழுந்து!

ஆனால் அவளிடம் இருந்த கைத்தொலைபேசியில் குறை இல்லை என்பதை மெதுவாகத்தான் கண்டுபிடித்தோம். அவள் வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகப் பாடி அனுப்பியிருந்தாள். அது பேச்சுக்கென்று அமைந்த வசதி. ஒலியை நன்றாகச் சுருக்கித்தான் அனுப்பும்; கமகத்தின் நுணுக்கம் அதில் தேறாது. காணொளி அழைப்பு இன்னும் மோசம். விடாமல் ஒலிக்கும் சுருதியை இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும். தொலைபேசியிலுள்ள ஒலிப்பதிவுச் செயலியில் பாடிப் பதிந்து, அந்தக் கோப்பை 'ஆவணம்' என்று இணைத்து அனுப்பினால் பதிந்தது பதிந்தபடியே போய்ச் சேரும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

வெட்டி ஒட்டுவதற்கு எங்கள் அலுவலகத்தின் பழைய மடிக்கணினியில் 'ஓடாசிட்டி' என்ற மென்பொருளைப் போட்டுக்கொண்டோம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து தொடங்கி, 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. இன்றும் இலவசம். பாடுவதற்கு முன் பத்து நொடி சும்மா பதிய வேண்டும். அந்த நொடிகளில் விழுந்த இரைச்சல் எது என்று காட்டிக்கொடுத்தால், பாட்டு முழுவதிலும் அதைக் குறைத்துத் தரும். ஒன்றை அதனாலும் முழுமையாகத் திருத்த முடியாது. கிட்ட நின்று உரத்துப் பாடி அலையின் நுனி மேலே முட்டிவிட்டால் குரல் உடைந்தது உடைந்ததுதான். ஆகவே தொலைபேசியை வாயிலிருந்து இரண்டு சாண் தள்ளி, மூச்சுக்காற்று நேரே படாமல் சற்றுச் சரித்து வைத்தோம். சுருதிக்கு அயல்வீட்டு அக்காவின் தொலைபேசி. சுவரில் பட்டு ஒலி எதிரொலிக்காமல் இருக்க, அம்மாயியின் பழைய கம்பளியையும் இரண்டு போர்வைகளையும் கொடியில் தொங்கவிட்டோம்.

பில்லி ஐலிஷ் என்ற அமெரிக்கப் பெண் தன் அண்ணனின் படுக்கையறையில் பதிந்த பாடல்களின் தொகுப்பு 2019இல் வெளிவந்து, மறு ஆண்டு கிராமி விருதையும் பெற்றது. இதைச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள். "அவங்களுக்குத் தனி ரூம் இருக்கே மிஸ்!"

உண்மைதான். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் ஐந்து பேர். அடுத்த வீட்டுத் தொலைக்காட்சி சுவரைத் தாண்டி வரும். மழை பெய்தால் தகரக் கூரையின் சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்காது. தண்ணீர், விறகு, தம்பியின் சோறு என்று பெண்பிள்ளையை யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரு மணித்தியால அமைதி எந்தக் கடையிலும் விற்பதில்லை. எல்லோரும் சபித்த மின்வெட்டுத்தான் எங்களுக்குக் கைகொடுத்தது. தொலைக்காட்சிகள் அடங்கும் அந்த இரண்டு, மூன்று மணித்தியாலத்தில் அவள் பாடினாள். இஸ்தோப்பில் அவளுடைய அம்மா உட்கார்ந்து, வருகிற போகிறவர்களைக் கையால் அமர்த்தினார்.

அந்த அம்மாவை எனக்கு 2012இலேயே தெரியும். கலவரத்துக்குப் பயந்து 1977இல் இங்கிருந்து கிளிநொச்சிக்குப் போன குடும்பம். கணவர் 2009இல் காணாமற்போனார். முகாமிலிருந்து பிள்ளைகளோடு தாயிடம் திரும்பி வந்தவர். பட்டம் முடித்த கையோடு ஓர் அறிக்கைக்காக நானும் அவருடைய கதையைப் பதிந்தேன். எனக்கு முன்னும் பின்னும் பலர் பதிந்தார்கள்.

மகளின் பாட்டைக் கணினியில் கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் என்னிடம் கேட்டார்:

"எத்தன பேரு என் பேச்சப் பிடிச்சிக்கிட்டுப் போனாங்க. என் கொரல் எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது. ஒங்ககிட்ட இருக்கா மிஸ்?"

வெட்கமாக இருந்தது. பத்து வருடமாக அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. வீட்டு அலுமாரியில் தேடி ஒரு பென்டிரைவில் கண்டெடுத்தேன். நாற்பது நிமிடம். மகளை வெளியே அனுப்பிவிட்டு அவரும் நானும் கேட்டோம். முதலில் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு மூடவில்லை. பாதியில், அவருடைய குரலுக்குப் பின்னால், ஏழு வயதுப் பிள்ளையொன்று தன்பாட்டில் ஏதோ பாடிக்கொண்டிருப்பது கேட்டது. அறிக்கை எழுதியபோது அந்த இடத்தை நான் 'இடையூறு' என்று குறித்து வைத்திருந்தேன்.

அம்மா மகளைக் கூப்பிட்டார். "நான் பேசுனத எல்லாம் வெட்டிரு. நீ பாடுற எடத்த மட்டும் வச்சிக்க."

மகள் வெட்டுவதற்கு முன் என்னைப் பார்த்தாள். முழுக் கோப்பையும் அம்மாவுக்கென்று வேறாக ஒரு நினைவட்டையில் போட்டுவைக்கச் சொன்னேன். அதன்பிறகு அவள் ஓடாசிட்டியில் அந்த இடத்தைத் தேடினாள். இருபத்திரண்டு நொடி இருந்தது.