அறுபது நாள் முகங்கள்

கார்த்திகை முதல் தேதி ஐயப்ப பக்தர்கள் மாலை போட்டதும் கன்னியாகுமரியில் சீசன் தொடங்கிவிடும். தை பிறந்து சில நாளில் அடங்கிவிடும். கோடை விடுமுறையில் கொஞ்சம் கூட்டம் வரும் என்றாலும், எங்களைப் போன்ற சங்கு, சிப்பி வியாபாரிகளுக்கு ஆண்டு முழுவதும் படியளப்பது அந்த அறுபது நாள்தான்.

சீசன் கடையை ஏலத்தில் எடுக்க வட்டிக்குப் பணம் வாங்குவோம். முதல் நாள் பந்தல் போடும்போதே அந்தக் கடன் தலைக்குள் ஏறி உட்கார்ந்துவிடும். வருகிறவர் விடியலில் முக்கடலில் குளிப்பார், பகவதி அம்மனைக் கும்பிடுவார், படகேறி விவேகானந்தர் பாறைக்குப் போய்வருவார், மதியம் வேன் ஏறிவிடுவார். இனி இவரை எங்கே பார்க்கப்போகிறோம் என்று நினைத்துப் பழகிவிட்டேன். என் தவறு அந்த நினைப்பில்தான் தொடங்கியது.

2003 சீசனில் திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு சாமி வந்தார். வலம்புரிச் சங்கு கேட்டார். நம் கடலில் வலம்புரி கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் என் கடைக்கு வராது. என்னிடம் இருந்தது அமெரிக்கக் கடலோரத்துச் சிப்பி. அதற்கு இயற்கையிலேயே வாய் இடப்பக்கம் இருக்கும், அதனால் பார்வைக்கு வலம்புரி போலவே தெரியும். 200 ரூபாய்க்கு வாங்கியதை 1,500 ரூபாய்க்குக் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மஞ்சள் துணியில் சுற்றினார்.

ஆனி, ஆடியில் காற்று வலுக்கும். கடல் சீறினால் படகை நிறுத்திவிடுவார்கள். ஈ ஆடாத கடையில் உட்கார்ந்திருக்கும்போது அந்த மஞ்சள் துணி மட்டும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. வாங்கிய காசு எப்போதோ வட்டிக்குப் போய்விட்டிருந்தது.

அடுத்த கார்த்திகையில் அவர் மறுபடி வந்தார், இரண்டு கன்னிசாமிகளோடு.

"நான் வாங்கின கடை இதுதான். நம்பி வாங்கலாம்" என்று அவர்களிடம் சொன்னார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. ஒரு சாதாரண இடம்புரிச் சங்கை எடுத்து வாய்ப்பக்கத்தைக் காட்டினேன். "சாமி, நம்ம சங்குக்கு உள்ளே நடுத்தண்டில் மூணு நாலு மடிப்பு இருக்கும். உங்களுக்குக் கொடுத்ததில் இருக்காது. அது வலம்புரி இல்லை. தெரிஞ்சுதான் வித்தேன்."

வெகுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, "மாலை போட்டிருக்கேன், கோபப்படக் கூடாது. ஒரு வருஷமா அதுக்குப் பூ வெச்சேன்" என்றார். 1,500 ரூபாயை நீட்டினேன். வாங்கி எண்ணிப் பார்த்தார். அதிலிருந்தே விலை கொடுத்து, கன்னிசாமிகளுக்கு ஆளுக்கொரு இடம்புரிச் சங்கு வாங்கிக்கொண்டு போனார்.

சீசன் ஊரில் பிழைக்கிறவனுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். நமக்கு ஆயிரத்தில் ஒரு முகமாகத் தெரிகிறவர், தம் வீட்டுப் பூஜை அறையில் நம் ஊரைத்தான் கொண்டுபோய் வைக்கிறார். அவர் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும், மீதிப் பத்து மாதமும் நாம் செய்ததோடு தனியாக இருக்கப்போவது நாம்தான்.

அந்த வெளிநாட்டுச் சிப்பி இன்றும் என் கடையில் உண்டு. அழகான பொருள், விரும்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: "வலம்புரி அல்ல."