மூடிக் கிடக்கும் கணினிக்கு ஒரு திறவுகோல்



இயங்காமல் போன மடிக்கணினி ஒன்று உங்கள் இல்லத்து அலமாரியின் மேலும் துணி சுற்றிக் கிடக்கக் கூடும். 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிய பின்னர், கணினியே கண்டிராத பல குடும்பங்களுக்குள் அது நுழைந்தது. அதே ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 68.54 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழகத்தின் கடைசி இடத்தில் நின்றது எங்கள் தருமபுரி மாவட்டம். இத்தகைய மாவட்டத்தில் ஒரு கணினி மூடிக் கிடப்பது, ஒரு பிள்ளையின் படிப்பு தடைபடுவதற்கு ஒப்பாகும்.

கணினி இயங்க மறுத்தால் நாம் என்ன செய்கிறோம்? கடைக்குத் தூக்கிச் செல்கிறோம். "ஃபார்மட் செய்ய வேண்டும், உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும்" என்கிறார்கள். நாமும் தலையசைத்து விடுகிறோம். அப்படித் தலையசைப்பதற்கு முன் நாம் செய்யக் கூடிய ஒன்று உண்டு என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

பாலக்கோட்டில் வாழும் என் தங்கையின் வீட்டில் 2022 ஆம் ஆண்டு இதுவே நேர்ந்தது. மூத்த மகன் வாங்கிப் பயன்படுத்திய பழைய மடிக்கணினி கல்லூரியில் பயிலும் இளைய மகளிடம் வந்திருந்தது. ஒரு நாள் விண்டோஸ் திறக்கவில்லை. கடையிலும் அதே பதில்தான் கிடைத்தது. அந்தக் கணினியில் அவளது கல்லூரிக் கட்டுரைகள் மட்டும் இருக்கவில்லை. மறைந்த எங்கள் தாயாரின் கடைசி இரண்டு ஆண்டுப் படங்களும், பேரப் பிள்ளைகளுக்கு அவர் கதை சொல்லும் குரற்பதிவும் அதில்தான் இருந்தன. வேறெங்கும் பிரதி கிடையாது. "மாமூ, நன்னியின் குரலை அழித்துவிட்டுத்தான் இது ஓட வேண்டுமா?" என்று அவள் தொலைபேசியில் கேட்டாள். அவளுக்கு நன்னி, எனக்குத் தாய். நானும் என்ன சொல்வேன்? "அழிக்க வேண்டியதில்லை, தருமபுரிக்கு வா" என்றேன்.

சகோதர சகோதரியரே! விண்டோஸ் பழுதாகிவிட்டது என்பதற்காக, கோப்புகளைத் தாங்கும் வன்தட்டும் பழுதாகிவிட்டது எனப் பொருளில்லை. வாசற்கதவு திறக்கவில்லையென்றால் வீட்டிலுள்ள பொருள்கள் அழிந்துவிடுமா? வேறு வாசல் வழியே நுழைந்து எடுத்து வரலாமன்றோ? அவ்வாறு வேறு வாசல் திறந்து தருவதே, தானே கணினியைத் துவக்கக் கூடிய வட்டு.

இத்தகைய வட்டுக்கான பொருள் இணையத்தில் ஒரே கோப்பாகக் கிடைக்கிறது. அதனை ஐஎஸ்ஓ படிமம் என்பர். 1993 ஆம் ஆண்டு இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தின் படிமத்தை நாங்கள் தேர்ந்தெடுத்தோம். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய நம் நாட்டின் பாஸ் லினக்ஸும் டெபியனை அடித்தளமாகக் கொண்டதே. டெபியனின் நிறுவல் நிரலில் தமிழையும் தேர்ந்தெடுக்கலாம் என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி. எனினும் நாங்கள் இறக்கியது 'லைவ்' எனப்படும் வகை. வன்தட்டில் எதனையும் மாற்றாமல், வட்டிலிருந்தே முழுக் கணினியும் இயங்கும் வகை அது.

இங்கேதான் பலரும் இடறுகின்றனர். இறக்கிய கோப்பை அப்படியே இழுத்து வெற்று வட்டில் போட்டுவிடுகின்றனர். விருந்துச் சாமான் மூட்டையை அடுக்களையில் இறக்கி வைத்துவிட்டால் சமையல் ஆகிவிடுமா? மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்தாக வேண்டும். வட்டிலும் அப்படியே. அதன் பரப்பு 2048 பைட் கொண்ட சிறு கூறுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. பூச்சியத்திலிருந்து எண்ணினால் 17 ஆம் கூறில், "துவக்க நிரல் இன்ன இடத்தில் உள்ளது" என்னும் குறிப்பு இருக்க வேண்டும். 1995 ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட 'எல் டோரிட்டோ' என்னும் விதி அது. படிமத்தைப் படிமமாக எழுதினால்தான் அக்குறிப்பு உரிய இடத்தில் அமரும். கோப்பாக நகலெடுத்தால் கணினி அவ்விடத்தில் தேடும், காணாது கைவிடும்.

ஆகவே முறையைக் கவனியுங்கள். முதலில், படிமம் பழுதின்றி வந்ததா எனச் சரிபார்க்க வேண்டும். அதை வெளியிட்டோர் 'ஷா256' என்னும் 64 எழுத்துச் சரிபார்ப்புக் குறியீட்டையும் தருகின்றனர். விண்டோஸின் செர்ட்யூட்டில் கட்டளையால் நம் கோப்பின் குறியீட்டைக் கணக்கிட்டு, இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் மீண்டும் இறக்க வேண்டியதுதான். அடுத்து, வட்டு. 700 மெகாபைட் குறுந்தகட்டில் லைவ் படிமம் அடங்காது, 4.7 ஜிகாபைட் டிவிடி வேண்டும். விண்டோஸ் 7 முதற்கொண்டு, படிமத்தின் மேல் வலப்புறச் சொடுக்குச் செய்தால் வட்டுப் படிமத்தை எழுதும் கட்டளை தோன்றும். எழுதிய பின் வட்டைச் சரிபார்க்கும் கட்டத்தையும் குறியிட்டு விடுங்கள். டிவிடி இயக்கி இல்லாத கணினியா? கவலை வேண்டாம். அதே படிமத்தை ரூஃபஸ் போன்ற செயலியால் பென் டிரைவில் எழுதலாம். ஆனால் அந்தப் பென் டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும் என்பதை மறவாதீர்.

வட்டை என் கணினியில் அவளே எழுதினாள். தன் மடிக்கணினியில் அதனை இட்டு, துவக்கப் பட்டியலைத் திறக்கும் விசையை அழுத்தினாள். அவ்விசை தயாரிப்பாளருக்கேற்ப எஃப்12, எஃப்9, எஸ்கேப் என மாறும். நிறுவும் வரியைத் தொடாது, லைவ் வரியைத் தேர்ந்தாள். சில நிமிடங்களில் புதிய திரை தோன்றியது. அதில் பழைய வன்தட்டும் தெரிந்தது. படங்களையும் பாடங்களையும் குரற்பதிவையும் வெளி வன்தட்டுக்கு நகலெடுத்தாள். நகல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பின்னரே, அதே வட்டைக் கொண்டு டெபியனைக் கணினியில் நிறுவினாள். வன்தட்டே சிதைந்திருந்தால் இவ்வழி பயன் தந்திராது. அதற்கு வேறு வல்லுநர் வேண்டும். அல்ஹம்துலில்லாஹ், எங்களுக்கு அந்நிலை வரவில்லை.

மற்றொன்றையும் சிந்தியுங்கள். விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளின் திருட்டுப் பிரதியைச் சிறு தொகைக்குப் பதிந்து தருவோர் உண்டு. தெரிந்தே அத்தகைய பிரதியைப் பயன்படுத்துவது 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். உண்ணும் உணவில் ஹலால் தேடும் நாம், பிள்ளை படிக்கும் கருவியிலும் அதனைத் தேட வேண்டாமா? டெபியனை நகலெடுக்கவும், பிறருக்கு அளிக்கவும் அதன் உரிமமே அனுமதி தருகிறது. ஒரு வட்டை எழுதினால் அண்டை வீட்டாருக்கும் தயக்கமின்றிக் கொடுக்கலாம்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான இலவசப் பொதுப் பராமரிப்பும் முடிவுற்றது. எனவே பழைய கணினிகள் இன்னும் பல வீடுகளில் மூலைக்குச் செல்லும். அவற்றைப் பழைய இரும்புக்குப் போடுமுன், ஒரு வட்டை எழுதி முயன்று பாருங்கள். அதன் மேல் தேதியையும் பெயரையும் எழுதி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். இப்பணியை வீட்டுப் பெண்மக்களின் கையிலேயே ஒப்படையுங்கள். கணினியைத் தாமே திறந்து பழகியவர்களுக்கு, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்தாக வேண்டும் என்று எவர் சொன்னாலும் எதிர்க் கேள்வி கேட்கும் துணிவு பிறக்கும்.