எட்டு மாடிக்கு வந்த பிறகு

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சைதாப்பேட்டைக் கரையோரத்தில் எங்கள் வீடுகளை வாரிக்கொண்டு போனது. வடிந்த பிறகு எங்களை மறுகுடியமர்த்த லாரி வந்தது. தெருவே மூட்டை கட்டிப் பெரும்பாக்கத்துக்குக் கிளம்பியது. எட்டு மாடிக் கட்டடம், லிப்ட், ஒழுகாத கூரை. கல்வியாண்டு பாதியில் நிற்கிறதே என்று எந்த அதிகாரியும் கேட்கவில்லை.

பழைய பள்ளிக்கு பஸ் மாறிப் போகவேண்டும். பையன்கள் முதலில் காலைப் பாடவேளையைத் தவறவிட்டார்கள், பிறகு பள்ளியையே விட்டார்கள். பெற்றவர்கள் பழைய வேலைக்கே விடியுமுன் கிளம்பி இருட்டித் திரும்பினார்கள்.

ஆளில்லாத அந்தப் பகல்களில்தான் சொல்யூஷன் வந்தது. சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற பசைதான். கர்சீப்பில் பிதுக்கி மூக்கில் வைத்து இழுப்பார்கள். அதிலுள்ள டொலுவீன் நொடிகளில் மூளைக்கு ஏறும். இதயத் துடிப்பு தாறுமாறாகி முதல் இழுப்பிலேயே உயிர் போவதும் உண்டு. "பசியே தெரியாதுக்கா" என்றான் பக்கத்து வீட்டுப் பையன். 14 வயது. என்னிடம் டியூஷன் படித்தவன், பின்னக் கணக்கை மனத்திலேயே போடுவான்.

சொல்யூஷனுக்காக யாரும் திருடி நான் பார்க்கவில்லை. கஞ்சா வந்த பிறகுதான் எல்லாம் மாறியது. முதலில் ஓசியில் கொடுத்த அண்ணன்மார் பிறகு காசு கேட்டார்கள். காசில்லாதவன் கையில் பொட்டலத்தைத் திணித்து அனுப்பினார்கள். இல்லையென்றால் பைக்கின் பின்னால் உட்காரவைத்து செல்போன் பறிக்கச் சொன்னார்கள். மறுத்தால் அடி. போதைதான் பிள்ளைகளைக் கெடுத்தது என்று எல்லோரும் பேசினார்கள். என் கண்ணெதிரே முதலில் போனது பள்ளிக்கூடம். போதை அதற்குப் பிறகு, திருட்டு கடைசியில்.

அந்தப் பக்கத்து வீட்டுப் பையன் பிடிபட்டபோது அவன் அம்மாவோடு நானும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போனேன். நாங்கள் மூட்டை பிரித்துக்கொண்டிருந்த 2016 ஜனவரியில்தான் புதிய சிறார் நீதிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. சிறுவனுக்குப் போதைப்பொருள் கொடுத்தாலும், அவனை வைத்து விற்றாலும் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கின்றன அதன் 77, 78 பிரிவுகள். கொடுத்தவன் பெயரைப் பையனின் அம்மா விசாரணையில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். வழக்குக் காகிதத்தில் அந்தப் பெயர் இல்லை.

நன்னடத்தைக் கண்காணிப்பில் பையன் வெளியே வந்தான். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதப் பணம் கட்டினோம். கொடுத்தவன் எங்கள் பிளாக்கின் படிக்கட்டருகே வழக்கம்போல் நின்றான். அவனைத் தாண்டித்தான் பையனை நானும் அவன் அம்மாவும் மாற்றி மாற்றி டியூஷனுக்கு அழைத்துவந்தோம்.