வெள்ளிமலை ஏற்றமும் நான்கு கிலோ சாமை விதையும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரை சைக்கிள் மிதிப்பது பெரிய காரியமில்லை. இரு பக்கமும் வயல், சாலையும் ஏறக்குறைய சமதளம். கோமுகி அணையைத் தாண்டி மலைச்சாலை பிடித்த பிறகுதான் மூச்சு வாங்கும். முதல் சில வளைவுகளை வீம்புக்கு மிதித்து ஏறலாம். அதற்கு மேல் கியர் இல்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. பச்சைமலைக்கும் சவ்வாது மலைக்கும் நடுவில், 2,000 முதல் 3,000 அடி உயரத்தில் பரந்து கிடக்கிறது. வெள்ளிமலை அதன் முக்கிய ஊர். 2019-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது இந்த மலையும் அதனோடு வந்தது. இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பேசுவது தமிழ், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். 1976 வரை இந்த மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. இன்றைக்கு இங்கே பெரியவர்களாக இருப்பவர்கள் அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள்.

அடிவாரத்து விவசாயி ஒருவர் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை இந்த ஏற்றத்தைச் சைக்கிளில் ஏறுகிறார். வயது ஐம்பத்தைந்து. சைக்கிள் அவருடையது அல்ல. மகள் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் அரசு கொடுத்தது. அவள் கல்லூரிக்குப் போனதும் திண்ணையில் துருப்பிடித்துக் கிடந்ததை எடுத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக் கட்டை மாற்றி ஓட்ட ஆரம்பித்தார். சர்க்கரை இருப்பதாக மருத்துவர் சொன்னதுதான் காரணம். நடையைக் கூட்டு, அரிசிச் சோற்றைக் குறை என்றார் மருத்துவர். முதலாவதைச் சைக்கிள் பார்த்துக்கொண்டது. இரண்டாவதற்காகச் சாமை தேடி மலைக்குப் போனார்.

தள்ளிக்கொண்டு போவதில் ஒரு லாபம் உண்டு. பஸ்ஸிலும் பைக்கிலும் போகிறவர் கண்ணுக்குப் படாதது இவருக்குப் படும். ஒரு சரிவில் மேலிருந்து கீழாக உழுதிருக்கிறார்கள். முதல் மழைக்கே செம்மண் கரைந்து சாலையில் படிந்து கிடக்கிறது. பக்கத்துச் சரிவில் குறுக்கே உழுது, இடையில் கல் வரப்பும் போட்டிருக்கிறார்கள். அங்கே மண் அப்படியே நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே மழைதான்.

வெள்ளிமலைக்கு அருகில் அவருக்குப் பழக்கமான குடும்பம் ஒன்று இருக்கிறது. இரண்டு ஏக்கர் நிலம். ஒன்றில் மரவள்ளி, மேட்டில் உள்ள இன்னொன்றில் சாமை, ஊடே துவரையும் அவரையும். போன ஆனி மாதம் அவர் போனபோது இலையில் சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, ஒரு கீரைக் கடைசல். சாமைக்குத் தண்ணீர் ஒன்றுக்கு இரண்டு வைத்து, கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடிவிட்டால் உதிரியாக வந்துவிடும். 100 கிராம் சாமையில் 7 கிராமுக்கு மேல் நார்ச்சத்து. தீட்டிய வெள்ளை அரிசியில் அது 3 கிராம்கூட இல்லை. ஆனால் கடையில் வெள்ளை வெளேரென்று தீட்டி விற்கும் சாமைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தவிடு போனால் சத்தும் போயிற்று. சர்க்கரை உள்ளவர்கள் சாமைச் சோறு என்பதற்காக இரண்டு மடங்கு சாப்பிடுவதும் தவறு.

சாப்பாட்டுக்கு நடுவில்தான் பேச்சு வந்தது.

"வர்ற ஆடிக்கு மேட்டு நிலத்துலயும் குச்சியே நட்டுடலாம்னு இருக்கோம் அண்ணே. புரோக்கர் முன்பணம் தர்றேங்கிறாரு."

அவர் உடனே பதில் சொல்லவில்லை. மரவள்ளியைக் குறை சொல்லவும் முடியாது. ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் இருப்பதால் கிழங்குக்கு எப்போதும் ஆள் உண்டு. பணமாகக் கைக்கு வருவது அதில்தான். ஆனால் மாவுச்சத்துப் பாயின்ட் பார்த்துத்தான் விலை. தேமல் நோய் வந்த செடியிலிருந்து கரணை எடுத்து நட்டால் நோயும் கூடவே வரும். 2020-இல் கேரளத்தில் தென்பட்ட புதிய மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் வயல்களையும் பிடித்தது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனகைரஸ் லோபேசி என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து, 2022-இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வயல்களில் விட வேண்டி வந்தது. இவற்றையெல்லாம் விட மேட்டு நிலத்துக்குப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. கிழங்கைப் பிடுங்கும்போது சரிவு மண் முழுவதும் கிளறப்படும். அடுத்த மழை அதை அள்ளிக்கொண்டு போகும்.

"குச்சி கீழ் நிலத்துலயே இருக்கட்டும் தம்பி. மேட்டை விட்டுடுங்க" என்றார். வழியில் பார்த்த இரண்டு சரிவுகளையும் சொன்னார்.

வீட்டுக்காரம்மா குறுக்கிட்டார். "நீங்க சொல்றது சரிதாங்க அண்ணே. குத்துறது யாரு? ரேஷன் அரிசின்னா கழுவி உலையில போட்டா ஆச்சு. சாமையை உரல்ல குத்திப் புடைச்சு எடுக்கறதுக்குள்ள கை விட்டுப் போவுது."

சிறுதானியம் ஏன் குறைந்தது என்று கூட்டம் கூட்டமாகப் பேசுகிறோம். 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாகவும் கொண்டாடினோம். அந்தப் பெண்ணின் கை வலியை மேடையில் அதிகம் பேர் சொன்னதில்லை.

அன்று மாலைக்குள் ஒரு ஏற்பாடு ஆயிற்று. புரோக்கர் கிழங்குக்குக் கொடுப்பதைப் போலவே, சாமைக்கு இவர் முன்பணம் கொடுப்பது. தனக்கும் தன் ஊரில் சர்க்கரை உள்ள இரண்டு வீடுகளுக்கும் ஆண்டுக்குத் தேவையானது மூன்று மூட்டை. விலையை இப்போதே பேசி முடித்தார்கள். சாமை 85, 90 நாளில் வந்துவிடும், ஐப்பசிக்குள் கணக்கு தீரும். விதைக்கு ஏக்கருக்கு நான்கு கிலோ போதும், முக்கால் அடி இடைவெளியில் வரிசையாக, சரிவுக்குக் குறுக்கே விதைத்தால். அந்த நான்கு கிலோவைத் தனியாகத் துணியில் கட்டி, நொச்சி இலை போட்டு, பரணில் வைத்தார்கள். வழக்கமாக அது சமையலுக்கு எடுத்த மிச்சத்திலிருந்துதான் வருமாம். முன்கூட்டியே ஒதுக்கியது இதுதான் முதல் தடவை.

மிச்சம் இருந்த பழைய சாமையில் பத்து கிலோவை உமியோடு கட்டினார்கள். பெண்கள் ஓட்டும் சைக்கிளுக்குக் குறுக்கே பார் கிடையாது; மூட்டையைக் கேரியரில்தான் வைக்க வேண்டும். கனம் பின்னால் இருந்தால் இறக்கத்தில் முன்சக்கரம் அலையும். அதனால் மூன்று கிலோவைப் பிரித்து முன் கூடையில் போட்டார். பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் கட்டை சூடேறித் தேயும். விட்டு விட்டு, முன்னும் பின்னும் மாற்றிப் பிடிக்க வேண்டும். வளைவில் வேகத்தைக் குறைப்பதைவிட வளைவுக்கு முன்பே குறைப்பது நல்லது. இரண்டு இடத்தில் நிறுத்திச் சக்கரத்தை ஆற விட்டார்.

அடிவாரத்தில் தோல் நீக்கும் இயந்திரம் வைத்திருக்கும் ஆலையில் அரைத்து, தன் பங்கை எடுத்துக்கொண்டு, பாதி அரிசியை அந்த வீட்டுக்குத் திருப்பிக் கொடுப்பதாகப் பேச்சு. புதுச் சாமை வந்த பிறகும் இதே ஏற்பாடுதான், உரலுக்கு வேலையில்லை. அரிசி மூட்டையோடு மலையேறும் அன்றைக்கு மட்டும் பஸ்தான் என்று முடிவு செய்திருக்கிறார்.