கைத்துப்பாக்கி வாங்கிய மகளும் உந்த அழிவின்மை விதியும்



ஹூஸ்டன் போய்வந்ததிலிருந்து எல்லோரும் நாசா படங்களைக் கேட்கிறீர்கள். பிறகு போடுகிறேன். இன்று வேறு விஷயம். என் மகள் கைத்துப்பாக்கி வாங்கியது எப்படியோ பரவிவிட்டது. "சார், எதை வாங்கலாம்?" என்று அங்கே இருக்கும் மாணவர்களும், "மாமா, பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் தேவையா?" என்று ஊரில் இருப்பவர்களும் கேட்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

மகளுக்கு மருந்துக்கடையில் இரவு ஷிஃப்ட். பதினொரு மணிக்கு மேல் கார் நிறுத்துமிடத்துக்குத் தனியாக நடக்க வேண்டும். அங்கே கூட வேலை செய்யும் பெண்ணிடம் ஒருவன் கத்தியைக் காட்டிக் கைப்பையைப் பறித்துப் போனான். மறுவாரமே இவள் முடிவு செய்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு விருப்பமில்லை. என் மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டில் ஐந்து வயதுப் பேரன் இருக்கிறானே என்பதுதான் அவள் கவலை.

முதலில் சட்டம். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், தகுதியுள்ள 21 வயதானவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். ஆனாலும் பள்ளிக்கூடம் போன்ற சில இடங்களுக்குள் கூடாது. மகளிடம் கிரீன் கார்டு இருந்ததால் வாங்க முடிந்தது. எச்-1பி, எஃப்-1 விசாவில் இருக்கும் பிள்ளைகள் கவனியுங்கள்: அந்நாட்டு மத்திய சட்டப்படி உங்களுக்குப் பொதுவாகத் தடை. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. வழக்கறிஞரைக் கேட்காமல் தொடவே தொடாதீர்கள். விசிட்டர் விசாவில் போன எனக்கும் அதே சட்டம்தான். சுடும் பயிற்சிக் கூடத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கைகட்டி நின்றேன்.

கடையில் மகள் கண் போனது மிகச் சிறிய துப்பாக்கி மேல். ரூகர் எல்.சி.பி. என்று பெயர், எடை சுமார் 270 கிராம்தான். பையில் போட்டால் தெரியாது. "இது போதும்ப்பா" என்றாள். "வாங்குமுன் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்" என்றேன். அங்கே அந்த வசதி உண்டு.

இனி பாடம். உந்த அழிவின்மை விதி நினைவிருக்கிறதா? 9 மி.மீ. குண்டின் எடை சுமார் 7.5 கிராம், வேகம் நொடிக்கு 330 மீட்டர் என்று வையுங்கள். துப்பாக்கி 1 கிலோ என்றால் நொடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் பின்னுதைக்கும். அரைக் கிலோ என்றால் 5 மீட்டர். எடை பாதியானால் உதைக்கும் ஆற்றல் இரு மடங்கு. மறைக்கச் சுலபமான துப்பாக்கி சுடக் கடினமாவது இதனால்தான். சின்னப் பிடியில் இரண்டு விரல்தான் உட்காரும். குறி பார்க்கும் முனைகளும் நெருங்கி இருப்பதால் சிறு தவறும் பெரிதாகும்.

மகள் மூன்றைச் சுட்டுப் பார்த்தாள். எல்.சி.பி.யில் ஏழு குண்டுக்குள் உள்ளங்கை சிவந்துவிட்டது. அடுத்தது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 ரிவால்வர். ஐந்து குண்டு, பையில் சிக்கிக்கொள்ளும்படி வெளியே நீட்டிய சுத்தி இல்லை, இயக்கமும் எளிது. ஆனால் விசை கனம், அழுத்தும்போதே கை ஆடியது. மூன்றாவது அதே கம்பெனியின் ஷீல்டு ஈ.இசட். எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல். குண்டோ 9 மி.மீ.யைவிட வலு குறைந்த .380 வகை. ஸ்லைடு என்கிற மேல்பாகத்தை இழுக்க அதிக பலம் வேண்டாம். கனமான துப்பாக்கி, மெல்லிய குண்டு: விதிப்படி உதை குறைவு. ஐந்து மீட்டர் தூரத்தில் எட்டுக் குண்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழுந்தன. அதையே வாங்கினாள்.

இனிதான் முக்கியமான கணக்கு. 1983-இல் சால்ட் லேக் சிட்டி காவல்துறையின் டென்னிஸ் டியூலர் ஒரு சோதனை செய்தார். கத்தியோடு ஓடிவருபவன் 21 அடியை சுமார் ஒன்றரை நொடியில் கடந்துவிடுகிறான். பயிற்சி பெற்ற காவலர் இடுப்பு உறையிலிருந்து எடுத்துச் சுடவும் அதே ஒன்றரை நொடி. துணிக்கு அடியில் மறைத்திருந்தால் இன்னும் கூடும். கைப்பைக்குள் என்றால் சொல்லவே வேண்டாம். அதனால் போனைப் பார்க்காமல் நடப்பது, வெளிச்சத்தில் காரை நிறுத்துவது, காவலாளியைத் துணைக்கு அழைப்பது, பையைக் கேட்டால் கொடுத்துவிடுவது, இவைதான் முதல் பாதுகாப்பு. மகள் இப்போது அதையெல்லாம் செய்கிறாள்.

கைப்பை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு கடையில், தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை இரண்டு வயதுக் குழந்தை எடுத்து விசையை அழுத்திவிட்டது. தாய் இறந்துபோனார். உரிமம் பெற்றவர்தான். என் மனைவியின் பயம் வீண் பயமல்ல. இப்போது துப்பாக்கி விசையை முழுதும் மூடும் கெட்டியான உறையில், மகளின் இடுப்பில் இருக்கிறது. வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றுமுன் அது பூட்டுப் பெட்டிக்குள் போகிறது.

வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம். வாங்குவதானால் கண்ணுக்கு அழகானதை விடுங்கள், கைக்கு அடங்குவதைப் பாருங்கள். துப்பாக்கி விலையோடு பூட்டுப் பெட்டி, உறை, பயிற்சி வகுப்புச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். மாதம் ஒருமுறை பயிற்சிக்குப் போக நேரமில்லை என்பவர்கள் வாங்காமலிருப்பதே உத்தமம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்