காலண்டர்ல மாசத்தைக் காணோம்

அம்மாவோட கண்புரை ஆபரேஷனைப் பத்தி எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். சோம்பேறித்தனம் பாதி, குற்ற உணர்ச்சி மீதி.

2021ல வலது கண். நல்லா முத்தின புரை. 'கால் மணி நேர வேலை'ன்னு கூட்டிட்டுப் போனவங்க வெளிய விட ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு. உள்ளே ஏதோ சிக்கலாம். நாலாம் நாள் அம்மா இடது கண்ணைப் பொத்திக்கிட்டு தினசரி காலண்டரைப் பார்த்துட்டு, "தேதி தெரியுதுடா, மேல இருக்கிற மாசத்தைக் காணோம்"னாங்க.

"போகப் போக சரியாயிடும்மா"ன்னு பெரிய டாக்டர் கணக்கா சொன்னேன். மூணு வாரம் இதையேதான் சொன்னேன்.

அப்புறம்தான் விழித்திரை டாக்டர். கையில மஞ்சள் சாய ஊசி போட்டு கண்ணுக்குள்ள போட்டோ எடுத்தாங்க. (சிறுநீர் மஞ்சளா போகும்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. இல்லைன்னா காமாலைன்னு வீட்டையே ரெண்டு பண்ணியிருப்பாங்க :-)) பார்வையோட மையப் புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நீள்வட்டமா ஒரு தழும்பு. கண்ணுக்குள்ள பிம்பம் தலைகீழா விழுறதால, கீழே காயம்னா மேலே மறைக்கும். ஆபரேஷன் மைக்ரோஸ்கோப்போட வெளிச்சம் பண்ணின வேலைன்னார் டாக்டர். 1983லயே மருத்துவ இதழ்ல வந்த விஷயமாம். சூட்டுக் காயம் இல்லை. வெளிச்சம், அதுலயும் நீல வெளிச்சம், செல்லுக்குள்ள ரசாயன மாற்றம் பண்ணிக் கெடுக்குது. விழித்திரைக்கு வலி தெரியாது. நேரம் நீள நீள ஆபத்தும் கூடும். கிரகணத்தை வெறுங்கண்ணால பார்த்தா ஆகுமே, கிட்டத்தட்ட அதே கதை. 2019 டிசம்பர் 26 கிரகணத்தன்னிக்கு என் பையனை வாசப்படி தாண்ட விடாதவங்க எங்கம்மா!

எல்லாத்தையும் கேட்டுட்டு அம்மா மெதுவா, "நான் கண்ணை ஆட்டிட்டேனா டாக்டர்?"னாங்க. மூணு வாரமா அதை மனசுல வச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. எனக்குத் தலை நிமிரல.

"இல்லம்மா. ஊசி போட்டு மரத்த கண்ணு ஆடாது. ஆடாம இருந்ததாலதான் வெளிச்சம் ஒரே இடத்துல விழுந்துச்சு."

ஆறு மாசத்துல மாசம் மங்கலா தெரிய ஆரம்பிச்சுது. நடுவுல ஒரு எழுத்து மட்டும் இன்னிக்கும் கிடையாது.

அடுத்த வருஷம் இடது கண். வேற டாக்டர், சின்னப் பையன். வெளிச்சத்தைக் குறைக்கலாம், நீலத்தை வடிகட்டலாம், மைக்ரோஸ்கோப்பைச் சாய்க்கலாம், கைவேலை இல்லாத நேரம் கண்ணை மூடி வைக்கலாம்னு பொறுமையா சொன்னார். இந்தத் தடவை சொட்டு மருந்துதான், ஊசி இல்லை. மேஜையில படுக்க வச்சு "லைட்டையே பாருங்கம்மா"ன்னிருக்கார்.

"பார்க்கிறேன் தம்பி, முதல்ல அதைக் கொஞ்சம் குறைங்க"ன்னாங்களாம் அம்மா. குறைச்சாராம்.