கேமராவும் வேட்டையாடும்!

பங்குனி, சித்திரை மாதங்களில் கூந்தன்குளம் போயிருக்கிறீர்களா? திருநெல்வேலி மாவட்டம், நாங்குநேரி வட்டத்தில் இருக்கும் கிராமம் அது. 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மற்ற இடங்களில் கரையில் நின்றுகொண்டு தூரத்து மரங்களைப் பைனாகுலரில் தேட வேண்டும். இங்கே அந்தக் கஷ்டம் அவ்வளவாக இல்லை. ஊருக்குள்ளேயே, வீடுகளை ஒட்டி நிற்கும் மரங்களிலேயே, மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுகின்றன.

எச்சத்தின் நாற்றம், குஞ்சுகளின் ஓயாத கத்தல் எல்லாவற்றையும் ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். எச்சம் ஊறிய குளத்து வண்டல் வயலுக்கு நல்ல உரம் என்பது ஒரு காரணம். பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்ற நம்பிக்கை இன்னொரு காரணம். பறவைகள் மிரளும் என்பதால் தீபாவளிக்குக்கூட அங்கே பட்டாசு வெடிப்பதில்லை!

குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்துகள் இளவேனிலில் இமயமலையைத் தாண்டி வடக்கே கிளம்பிவிடும். நாரைகளுக்கோ அதுதான் குஞ்சு வளர்க்கும் காலம். கேமராவோடு வருபவர்களுக்கும் அதுதான் கொண்டாட்டம். கூட்டில் குஞ்சுகள், வாலருகே இளஞ்சிவப்பு இறகுகளோடு தாய்... இதைவிட அழகான படம் வேறென்ன வேண்டும்?

அந்தப் படங்களில் ஒன்றை அடிக்கடி பார்க்கலாம். நாரை இரண்டு சிறகுகளையும் விரித்துக் கூட்டின் மேல் நிற்கும். 'என்ன அழகான போஸ்!' என்று பாராட்டுகள் குவியும். உண்மையில் அது குடை. உச்சி வெயில் குஞ்சுகள் மேல் விழாமல் தன் உடம்பால் நிழல் கொடுத்துக்கொண்டு நிற்கிறது அந்தப் பறவை. சிறு குஞ்சுகளால் அந்த வெயிலை வெகுநேரம் தாங்க முடியாது. இன்னும் கொஞ்சம் கிட்டப் போகலாம் என்று ஒருவர் இரண்டடி எடுத்து வைக்கிறார். நாரை எழுந்து பறக்கிறது. பறக்கும் படமும் கிடைத்துவிட்டது! ஆனால் குடை போய்விட்டது. முட்டைக்கும் குஞ்சுக்கும் காத்திருக்கும் காகத்துக்கு அந்தச் சில நிமிடங்களே போதும்.

தெரியாமல் செய்கிறார்கள் என்று விட்டுவிடலாமா? சட்டம் விடவில்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும் 'வேட்டை' என்ற சொல்லுக்குள்தான் வைத்திருக்கிறது. துப்பாக்கி தூக்கினால்தான் வேட்டை என்பதில்லை.

அப்படியானால் படமே எடுக்கக் கூடாதா? தாராளமாக எடுக்கலாம். விடிந்ததும் போங்கள்; வெளிச்சமும் நன்றாக இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். குளத்தில் இரை தேடும் நாரை, வாயை நீருக்குள் இப்படியும் அப்படியும் வீசும் கரண்டிவாயன், கூட்டுக்குச் சுள்ளி சுமந்து பறக்கும் பறவை என்று எத்தனையோ காட்சிகள் தாமாகவே கிடைக்கும். இறகு கோதிக்கொண்டிருந்த பறவை சட்டென்று கோதுவதை நிறுத்திக் கழுத்தை நீட்டிப் பார்த்தால், வந்தவர் அதிகம் நெருங்கிவிட்டார் என்று அர்த்தம். உடனே பின்வாங்கிவிட வேண்டும். கூட்டருகே ஃபிளாஷ் கூடாது. பறவையின் குரலைச் செல்பேசியில் ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் கூடாது. எதிரி வந்துவிட்டான் என்று நம்பி, குஞ்சை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும் பறவைகள் உண்டு. எளிதில் மிரளும் பறவையின் கூட்டைப் பார்த்தால் இடத்தை ஊரறியச் சொல்லாமல் இருப்பதும் நல்லது.

பெரிய லென்ஸ் வாங்கப் பணம் இல்லாத மாணவர்கள்தான் கிட்டப் போகத் துடிக்கிறார்கள். அது புரிகிறது. பணம் இல்லாவிட்டால் என்ன, பறவை சின்னதாகத் தெரியும் படமாகவே இருக்கட்டுமே! மரமும் குளமும் ஊரும் சேர்ந்த அந்தப் படத்தில்தான் அது கூந்தன்குளம் என்று தெரியும். தீபாவளிக்கும் பட்டாசு வெடிக்காமல் ஒரு ஊரே காத்துவரும் கூட்டை, ஒரு படத்துக்காகக் கலைக்கலாமா? அடுத்த விடுமுறையில் போகிறவர்கள் யோசித்துப் பாருங்கள்.